மூன்று கிலோவா, ஒன்றரைக் கிலோவா?

லேப்டாப் வாங்குவதைப் பற்றி ஒரு வீட்டுக்காரி என்ன எழுதிவிடப் போகிறாள் என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே. குக்கர் வாங்கினாலும் கிரைண்டர் வாங்கினாலும் நாம் நாலு கடை ஏறி இறங்குகிறோம். தூக்கிப் பார்க்கிறோம், தட்டிப் பார்க்கிறோம், மூடி சரியாக உட்காருகிறதா என்று பார்க்கிறோம். லேப்டாப்பும் அப்படித்தான். பெயர்கள்தான் வாயில் நுழையாது. நான் எஸ்.எஸ்.எல்.ஸி.யோடு நிறுத்தியவள். எனக்கே பதினைந்து நாளில் புரிந்துவிட்டது என்றால் உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

அதுவும் நாங்கள் வாங்கியது ஒரு விளையாட்டுக்காக! முகம் சுளிக்க வேண்டாம். பையனின் காலேஜ் படிப்புக்கும்தான். ஆனால் படிப்பு மட்டும் என்றால் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்திருப்பேன்.

கதையைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். எங்கள் ஊர் சிவகாசி. என் வீட்டுக்காரர் ஆப்செட் பிரஸ்ஸில் கட்டிங் மெஷினில் இருக்கிறார். ஆடியில் பட்டாசு லேபிள் என்று ஆரம்பித்தால், தீபாவளி முடிந்த கையோடு காலண்டர், டைரி என்று தை பிறக்கும் வரை அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம். எங்களுக்குப் பெரியவள் ஒருத்தி, சின்னவன் ஒருத்தன். இரண்டு பேருக்கும் ஒன்பது வயது வித்தியாசம்.

பெரியவள் 2014-15ல் ப்ளஸ் டூ படித்தாள். அரசாங்கம் 2011 செப்டம்பர் 15-ந் தேதி ஆரம்பித்த இலவச லேப்டாப் திட்டம் அப்போது நடந்துகொண்டிருந்தது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்குள் முதல் முதலாக ஒரு கம்ப்யூட்டர் வந்தது அப்படித்தான். மூடியின் மேல் முதலமைச்சர் ஜெயலலிதாவின் படம் இருக்கும். தெருவில் அந்த வயசுப் பெண் இருக்கும் வீட்டுக்கெல்லாம் ஒன்று வந்தது.

அதில் அவள் பாடம் படித்தாளோ இல்லையோ, ஒரு விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள். ரூன்ஸ்கேப் என்று பெயர். இங்கிலாந்தில் கவர் என்ற குடும்பத்துச் சகோதரர்கள் எழுதி 2001ல் வெளியிட்டது. பின்னால் கம்பெனி அதை என்னென்னவோ மாற்றிவிட, ஆடுகிறவர்கள் பழையதுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்களாம். ஓட்டெடுப்பு வைத்து, 2007ல் சேமித்து வைத்திருந்த பிரதியைத் தூசி தட்டி 2013ல் மறுபடி விட்டார்கள். ‘ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்’ என்பது அதுதான். பொம்மைகள் எல்லாம் மரச்சொப்பு மாதிரி மொட்டையாக இருக்கும். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆடுகிறார்கள்.

நான் முதலில் எட்டிப் பார்த்தபோது வெட்டு, குத்து என்றுதான் இருக்கும் என்று நினைத்தேன். இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. டிராகன் கூட உண்டு, இவர் பிரஸ்ஸில் அடிக்கும் வெடிப்பெட்டி லேபிளில் வருகிற மாதிரியே. ஆனால் பாதி நேரம் அதில் மரம் வெட்டுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், நெருப்பு மூட்டிச் சமைக்கிறார்கள். புதிதாக ஆடுபவர் சமைத்தால் இறால் கருகிப் போகும்! பல நாள் சமைத்துப் பழகிய பிறகுதான் கருகாமல் வரும். “பாருங்கம்மா, இதுலயும் அடுப்படிதான்” என்பாள் மகள். அவள் மவுஸ் பிடிக்க, எட்டு வயசு சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்து “அக்கா அங்க, அக்கா இங்க” என்று விரலால் காட்டுவான். வளர்ந்த பிறகு அவனுக்கும் தனியாக ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தாள்.

அந்த லேப்டாப் உழைத்து ஓய்ந்தது. பிறகு செகண்ட் ஹாண்டில் ஒரு டெஸ்க்டாப் வாங்கி ஹாலில் வைத்தோம். பெரியவளுக்குக் கல்யாணமாகி சிங்கப்பூர் போனாள். அவள் அங்கே செல்போனில் ஆடுவாள், இவன் இங்கே டெஸ்க்டாப்பில் ஆடுவான். 2018 முதல் அந்த ஆட்டம் செல்போனிலும் வருகிறது. ஒரே கணக்கை இரண்டிலும் திறக்கலாம். எனக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இருந்ததில்லை. உடன்பிறந்தவர்கள் பேசிக்கொள்ள ஏதோ ஒரு சாக்கு.

போன வருஷம் ஐப்பசியில் அவளுக்கு அங்கேயே பிரசவம். நான் போய் ஒரு மாசம் இருந்து, பத்தியம் பார்த்து, பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டுத்தான் வந்தேன். வந்த பிறகு தினமும் வீடியோவில் பேசுவோம். “நல்லா இருக்கேம்மா” என்பாள். பிள்ளையைக் காட்டுவாள். போனை வைத்துவிடுவாள்.

மார்கழியில் சின்னவன் செமஸ்டர் லீவுக்கு வந்திருந்தான். ஒரு நாள் காலையில் நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நிற்கிறான்.

“அம்மா, அக்கா நைட்டெல்லாம் தூங்குறதே இல்ல. பிள்ளை தூங்குனாக்கூட அவ முழிச்சிருக்கா. அழுகை அழுகையா வருதுன்னு எழுதுறா. உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னா. நான் சொல்லிட்டேன்.”

ஆட்டத்துக்குள்ளேயே ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள இடம் இருக்கிறது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டிக்கொள்வார்கள். இங்கே ராத்திரி பத்தரை என்றால் சிங்கப்பூரில் ஒரு மணி. அது அவள் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் போன். ஏதோ ஒரு மரத்தடியில் இரண்டு பொம்மைகளும் நின்று மரம் வெட்டிக்கொண்டிருக்க, அவள் மனசில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுவாளாம்.

என்னிடம் சொல்லாததை அங்கே எப்படிச் சொன்னாள்? இதை நான் ஆச்சரியமாக நினைக்கவில்லை. எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் வீட்டுத் திண்ணைகளில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். கை பாட்டுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போதுதான் பெண்கள் வீட்டுக் கஷ்டமெல்லாம் வெளியே வரும். ‘உட்கார், என்ன விஷயம் சொல்’ என்று முகத்தைப் பார்த்துக் கேட்டால் யாருக்கு வாய் வரும்? கீரை ஆய்கிறபோது பேசுகிற பேச்சே தனி.

இளந்தாய்மார்களுக்காக இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்ற முதல் பத்துப் பதினைந்து நாள் காரணமில்லாமல் அழுகை வருவது ரொம்பப் பேருக்கு உண்டு, அது தானாகச் சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பிள்ளை தூங்கும்போதுகூடத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் அது உடம்புக்கு வருகிற மற்ற வியாதி மாதிரி ஒரு வியாதி. டாக்டரிடம் காட்ட வேண்டும். தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள் கூடத் தள்ளக்கூடாது. நம் நாட்டில் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. மத்திய அரசு 2022ல் ஆரம்பித்த டெலி மானஸ் சேவை அது.

நான் மாப்பிள்ளையிடம் பேசினேன். “தம்பி சொன்னான்” என்று சொல்லவில்லை. “அவ குரல் சரியில்லை மாப்பிள்ளை, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க” என்றேன். நல்ல மனுஷர், மறுநாளே லீவு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார். வைத்தியம் நடக்கிறது.

ஆனால் எனக்கு இன்னொரு கவலை வந்துவிட்டது. தை பிறந்தால் சின்னவன் மதுரைக்கு ஹாஸ்டலுக்குத் திரும்பிவிடுவான். டெஸ்க்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அவன் செல்போன் அரதப்பழசு. தட்டுவதற்கு எழுத்துப்பலகை வந்தால் ஆட்டம் பாதி மறைந்துபோகும். பத்தரை மணிப் பேச்சு நின்றுவிடுமே! காலேஜிலும் இரண்டாவது செமஸ்டரிலிருந்து எல்லோரும் லேப்டாப் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எனக்குச் சீட்டு விழுந்து 40,000 ரூபாய் கையில் இருந்தது. மூக்குத்தியை மாற்றலாம் என்று வைத்திருந்த பணம்.

ஊரில் ஒரு கடைக்குப் போனோம். “என்னத்துக்குத் தம்பி?” என்று கேட்டார் அண்ணாச்சி. சின்னவன் “படிக்கவும், கேம் ஆடவும்” என்று சொன்னதுதான் தாமதம், ஒரு பெரிய பெட்டியை எடுத்து வைத்தார். கீபோர்டில் கலர் கலராக லைட் எரிகிறது, சீரியல் செட் போட்டாற்போல. கிராபிக்ஸ் கார்டு தனியாக இருக்கிறதாம். விலை 72,000.

“ஏப்பா, உன் ஆட்டத்துக்கு இதெல்லாம் வேணுமா?” என்றேன்.

“வேண்டாம்மா. இது 2007 ஆட்டம்” என்றான் மெதுவாக.

அதுதான் விஷயம், சகோதரிகளே. ‘கேம்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். இப்போது வருகிற ஆட்டங்களில் புல் ஆடுவது, தண்ணீர் பளபளப்பது எல்லாம் நிஜம் போலக் காட்ட அந்தத் தனி கார்டு வேண்டும். அது கரண்ட்டைக் குடிக்கும், சூடாகும். சூட்டைத் தள்ள பெரிய விசிறிகள் வேண்டும், அதனால் பெட்டி கனக்கும். கரண்ட் கொடுக்கிற அடாப்டரும் செங்கல் மாதிரி கனக்கும். பழைய ஆட்டத்துக்கு, சாதாரண லேப்டாப்பின் பிராசஸரோடு சேர்ந்தே வருகிற கிராபிக்ஸ் தாராளம். ஒரு கரண்டி துவையல் அரைக்கக் கல்யாண வீட்டு கிரைண்டரை யாராவது வாடகைக்கு எடுப்பார்களா?

எனக்கு எடை மேல்தான் கண். இவர் பிரஸ்ஸில் வேலை பார்க்கும் ஒருவரின் பையன் அந்த மாதிரிப் பெட்டிதான் வைத்திருக்கிறான். அதையும் அடாப்டரையும் பேப்பர் எடை போடும் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து இவர் சொன்னார்: மூன்று கிலோவுக்கு இருபது கிராம் குறைவு. அதற்கு மேல் நோட்டு, தண்ணீர் பாட்டில். சின்னவனுக்கு ஹாஸ்டலில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கிருந்து வகுப்புக்குத் தினம் நாலு நடை. சனிக்கிழமை ஊருக்கு வந்தால் மாட்டுத்தாவணியில் ஏறி விருதுநகர் வழியாக வர வேண்டும், உட்கார இடம் கிடைப்பது அவனவன் அதிர்ஷ்டம். ஒல்லிப் பையன். மூன்று கிலோ அரிசியை நான் கடையிலிருந்து தூக்கி வந்தாலே தோள் இழுக்கிறது.

புதிதில் எடை குறைவானதும் இருக்கிறது. ஆனால் 2025 கடைசியிலிருந்து ராம் என்கிற மெமரியின் விலை உலகம் முழுக்க ஏறி, லேப்டாப் விலையையும் ஏற்றிவிட்டது. செயற்கை அறிவுக் கம்ப்யூட்டர்களுக்கு வாங்கிக் குவிக்கிறார்களாம். நம் வீட்டு 40,000-க்கு நல்லதாக எதுவும் அமையவில்லை.

பெரிய கம்பெனிகளில் மூன்று நாலு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடுகிற ஆபீஸ் லேப்டாப்புகளைச் சுத்தம் செய்து விற்கிறார்கள் என்று சின்னவன்தான் சொன்னான். அவை தினம் தூக்கிக்கொண்டு அலைவதற்கென்றே செய்தவை, அதனால் எடை குறைவு, உடம்பு உறுதி. சென்னை ரிச்சி தெரு இதற்குப் பேர் போனது. மதுரையிலும் கடைகள் இருக்கின்றன. பழசு வாங்குவது என்றால் இவருக்குப் பயம். “யாரு கண்டது, உள்ள என்ன போட்டிருக்கான்னு” என்றார். நான்தான் துணிந்து பையனோடு பஸ் ஏறினேன்.

போவதற்கு முன்னால் அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டு ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. ஆகவே விண்டோஸ் 11 ஏறுகிற மெஷினாக இருக்க வேண்டும். இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறைக்குக் கீழே தொடக்கூடாது. ஐ5 என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் எண் எட்டிலாவது, அல்லது 10, 11 என்றாவது ஆரம்பிக்க வேண்டும். 10, 11 என்று ஆரம்பித்தால் அது இன்னும் புதுசு. ஹார்டு டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி.தான் வேண்டும். ராம் எட்டு ஜி.பி.க்குக் குறையக்கூடாது. சில மெல்லிய மாடல்களில் ராமை போர்டோடு பற்றவைத்துவிடுவார்கள். பிற்பாடு கூட்டவே முடியாது. கூட்ட இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

திரை விஷயத்தில் ஒரு வேடிக்கை. விலை அதிகமான திரைகளில் புள்ளிகள் நுணுக்கமாக இருக்கும். இந்த ஆட்டமோ 765-க்கு 503 புள்ளி என்ற சின்னச் சதுரத்துக்காக எழுதியது. நுணுக்கமான திரையில் போட்டால் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி ஆகிவிடும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். பதினாலு அங்குலம், ஃபுல் எச்.டி., பளபளப்பில்லாத திரை என்றால் படத்தைக் கொஞ்சம் இழுத்துவிட்டுச் சௌகரியமாக ஆடலாம். அதாவது இங்கே மட்டமான விலைதான் உசத்தி!

மதுரைக் கடையில் இருந்த பையன் நல்ல பிள்ளை. “அம்மா, நீங்களே பாருங்க” என்று மூன்றை எடுத்து வைத்தான். முதலாவதில் கீல் ஆடியது. வேண்டாம் என்றேன். கீல் ஆடினால் மூடி எத்தனை நாளைக்கு நிற்கும்? இரண்டாவதில் பாட்டரி போய்விட்டிருந்தது. இது எப்படித் தெரிந்தது என்றால், விண்டோஸில் ஒரு கட்டளை கொடுத்தால் பாட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது, இப்போது எவ்வளவு பிடிக்கிறது என்று ஜாதகமே காட்டிவிடும். அதில் பாதிக்கு வந்திருந்தது. மூன்றாவது, லெனோவா திங்க்பேட் டி480எஸ். 2018-ல் வந்த மாடல். பாட்டரி 57-ல் 48 இருந்தது. எட்டு ஜி.பி. ராம், இன்னும் ஒன்று செருக இடமும் இருந்தது. சார்ஜர் செல்போன் சார்ஜருக்கு அண்ணன் மாதிரி சின்னதாக இருந்தது. தூக்கிப் பார்த்தேன். ஒரு கையில் நின்றது.

அதோடு விடவில்லை. “தம்பி, இதுல ஆட்டத்தை ஏத்திக் காட்டு” என்றேன். கடைப் பையன் சிரித்துவிட்டான். இருந்தாலும் என் செல்போன் இன்டர்நெட்டிலேயே இறக்கி ஆட விட்டான். இந்த ஆட்டத்துக்கு டேட்டா ரொம்பக் கொஞ்சம் போதும். சர்வர் தூரதேசத்தில் இருந்தாலும் பாதகமில்லையாம். 0.6 விநாடிக்கு ஒரு தடவைதான் அது கணக்கு எடுக்குமாம், அதற்குள் நம் கட்டளை போய்ச் சேர்ந்துவிடும். அரை மணி நேரம் ஆடினான். நான் அடியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தோசைக்கல் மாதிரி கொதிக்கவில்லை, இளஞ்சூடு. விசிறிச் சத்தம் காதை அடைக்கவில்லை.

சூட்டைப் பற்றி ஏன் இவ்வளவு என்கிறீர்களா? 2010-ல் அமெரிக்காவின் ‘பீடியாட்ரிக்ஸ்’ வைத்தியப் பத்திரிகையில் ஸ்விட்சர்லாந்து டாக்டர்கள் ஒரு பையனைப் பற்றி எழுதினார்கள். பன்னிரண்டு வயது. தினமும் சில மணி நேரம் லேப்டாப்பைத் தொடை மேலே வைத்து ஆடியிருக்கிறான். சில மாசத்தில் இடது தொடையில் வலை பின்னிய மாதிரி தோல் கறுத்துவிட்டது. முன்பெல்லாம் அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வருகிற அதே தழும்பு. சித்திரை வெயிலில் எங்கள் ஊரே ஒரு அடுப்பு. மடியில் வைக்கக்கூடாது, மேஜை இல்லாவிட்டால் ஒரு பலகை போட்டுத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மெத்தை மேலே வைத்தால் காற்றுப் போகிற ஓட்டை அடைபட்டுவிடும், அதுவும் கூடாது.

பேரம் பேசி 24,500-க்கு முடித்தோம். ஆறு மாசம் கடை வாரண்டி, பில்லில் எழுதி வாங்கிக்கொண்டேன். மவுஸ் தனியாக 350. இந்த ஆட்டம் முழுக்கச் சொடுக்கிக்கொண்டே இருக்க வேண்டியது, லேப்டாப்பின் தடவுபலகையில் ஆடினால் மணிக்கட்டு போய்விடும். ஊருக்கு வந்ததும் இவர் எதையும் கேட்காமல் பிரஸ்ஸுக்கு எடுத்துப் போய்த் தராசில் வைத்திருக்கிறார். சார்ஜரோடு 1 கிலோ 640 கிராம். “பரவாயில்லையே” என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சர்ட்டிபிகேட்.

மகள் ராத்திரி ஒரு மணிக்குப் போனைப் பார்ப்பது நல்லதா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். பால் கொடுக்கிற நேரத்தோடு நிறுத்திக்கொள், வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொள், பிள்ளை தூங்கியதும் நீயும் படு என்றாராம். ஹாஸ்டலிலும் பதினொன்றுக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். ஆகவே பத்தரையிலிருந்து இருபது நிமிஷம், அவ்வளவுதான்.

என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் அவனிடம் கேட்பதில்லை. மாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும், அவளே என்னைப் போனில் கூப்பிட்டாள். பிள்ளையைக் காட்டிவிட்டு வைக்கவில்லை. ஒரு மணி நேரம் பேசினாள். டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பற்றி, தூக்கம் வருவதைப் பற்றி, மாமியார் அனுப்பிய கருப்பட்டியில் பூஞ்சணம் வந்ததைப் பற்றி. நடுவில், “அம்மா, தம்பிக்கு நீங்க வாங்கிக் குடுத்த லேப்டாப் எவ்வளவாச்சு?” என்றாள். சொன்னேன். “என் சார்பா பாதி அனுப்பறேன், மூக்குத்தி வாங்கிக்கோங்க” என்றாள். வேண்டாம், பிள்ளைக்கு வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

மீதிப் பணத்தில் ராம் இன்னொரு எட்டு ஜி.பி. போடலாமா என்று சின்னவன் கேட்கிறான். விலை இறங்கட்டும் பார்க்கலாம் என்றேன்.